ஆறு வயது வித்தியாசம்

எங்கள் ஊர்ப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிற இருவருக்குள்ள வயது வித்தியாசம், அதே வரிசையில் இன்னொரு ஜோடிக்கு வரக்கூடாது. வந்தால் சோறு கரண்டியை விட்டு இறங்காது. மற்றபடி நல்ல ஊர். தண்ணீர் வருகிறது, பஸ் வருகிறது, மின்சாரம் போனாலும் திரும்பி வந்துவிடுகிறது.

நான் அங்கே பந்தி விசாரிக்கிறவன். பெயர் ஆவுடையப்பன். கல்யாணமோ, காதுகுத்தோ, பதினாறாம் நாளோ, வாசலில் நின்று வருகிறவரின் வயதைக் கேட்டு, யாருக்குப் பக்கத்தில் யார் என்று உட்கார வைப்பது என் வேலை. "வாங்க வாங்க, அப்படி உக்காருங்க" என்று சும்மா கையைக் காட்டுகிற வேலை இல்லை இது. அதை எவன் வேண்டுமானாலும் செய்வான். நாற்பது வயதுக்காரர் பக்கத்தில் முப்பத்தைந்தை வைத்தால் ஐந்து செலவாகிவிட்டது. அந்த வரிசையில் அப்புறம் ஐந்து கிடையாது. அந்த முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் ஒரு முப்பது வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, "அப்பாடா" என்று பெல்ட்டைத் தளர்த்தினால் நான் என்ன செய்வேன்? எழுப்புவேன். பசியோடு உட்கார்ந்தவனை எழுப்புகிறவனை ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்பதை இங்கே எழுத முடியாது.

நடுவில் ஓர் இலையைக் காலியாக விட்டுச் சமாளிக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் யோசனை சொல்வார்கள். அவர்களுக்கு யோசனைக்கா பஞ்சம்? சோறு காலி இலையைத் தாண்டிப் பார்க்கும். அதெல்லாம் எங்கள் பாட்டன் காலத்திலேயே செய்து பார்த்தாகிவிட்டது.

சித்திரை ஒன்றாம் தேதி ஊரில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல வயது ஏறும். அதனால் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் ஆயுசுக்கும் மாறாது. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பூஜ்யம். ஒரு வரிசைக்கு ஒரு பூஜ்யம்தான் என்பதால் கீழத்தெரு இரட்டையரும் மேலத்தெரு இரட்டையரும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை. பத்திரிகை மட்டும் கொடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மதியச் சோறு போட வேண்டுமென்றால், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு கிழவர்கள் போய் உட்கார வேண்டும். எங்கள் ஊர்க் கிழவர்கள் யாரும் மதியத்தில் பட்டினி கிடந்ததில்லை.

இன்னொன்று. எங்கள் ஊரில் யாரும் வயதைக் குறைத்துச் சொல்வதில்லை. சொல்லி என்ன பிரயோஜனம்? சோற்றுக்குத் தெரியும்.

எனக்கு ஐம்பத்தெட்டு. என் மனைவி உலகம்மாளுக்கு ஐம்பத்திரண்டு. வித்தியாசம் ஆறு. எங்கள் வீட்டுச் சண்டை மொத்தமும் இந்த ஆறில்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஆறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவார்கள். அதனால் ஊரில் பாதித் தம்பதிகளுக்கு ஆறுதான். எங்கள் கல்யாணத்தன்று முதல் பந்தியில் பஞ்சாயத்துத் தலைவரும் அவர் சம்சாரமும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் ஆறு. தலைவரை எழுப்ப முடியுமா? மாலையும் கழுத்துமாக உலகம்மாளை வரிசையின் கடைசியில், என் ஒன்றுவிட்ட அத்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தை பேசிக்கொண்டே இவள் இலையிலிருந்த ஜாங்கிரியையும் எடுத்துத் தின்றுவிட்டாள். அந்த ஜாங்கிரி இன்றுவரை எங்கள் வீட்டில் பேச்சில் இருக்கிறது. அத்தை செத்துப் பல காலம் ஆகிறது.

அதற்கப்புறம் பந்தி விசாரிப்பு என் கைக்கு வந்தது. வந்த பிறகு ஆறை நானே எடுத்துக்கொண்டால் ஊர் சும்மா விடுமா? "வெளக்கெண்ணெய், அவன் பொண்டாட்டியை மட்டும் பக்கத்துல வச்சுக்கிட்டான் பாரு" என்பார்கள். அதனால் ஒவ்வொரு விசேஷத்திலும் ஆறை வந்தவர்களுக்கே கொடுத்தேன். கடைசிப் பந்தியில் நானும் சமையல்காரர்களும் உட்காருவோம். அங்கேயாவது அவளைக் கூப்பிடலாம் என்றால், சமையல் மாஸ்டர் குத்தாலத்துக்கும், அவருக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிற அவர் மனைவிக்கும் ஆறு. காலையிலிருந்து அடுப்பில் வெந்தவர்களைப் பிரித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. உலகம்மாளைப் பிரித்து வைப்பதற்கு மட்டும் மனசு வந்துகொண்டே இருந்தது. பழகிவிட்டது, வேறென்ன?

"வீட்டுல பக்கத்துலதானே உக்காந்து சாப்பிடுதோம்" என்று ஒருநாள் சமாதானம் சொன்னேன்.

"வீட்டுல நீங்க சாப்பிடும்போது நான் தோசை சுட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "நாலு பேரு பாக்க ஒங்க பக்கத்துல ஒரு இலை. அம்புட்டுத்தான் கேக்கேன். தங்கத்துல ஒட்டியாணமா கேட்டேன்?"

ஒட்டியாணம் கேட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

எங்கள் மகள் சங்கரிக்கு இருபத்தாறு வயதானபோது மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். முதலில் வந்தவன் வங்கியில் வேலை, முப்பத்திரண்டு. உலகம்மாள் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்து ஒரு வாத்தியார், முப்பத்திரண்டு. வேண்டாம். தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கமான பையன் அம்மா, எதுக்கு வேண்டாங்கீங்க?" என்றார்.

"ஆறை மகளுக்குக் குடுத்துட்டு நான் எங்க போக?" என்றாள் உலகம்மாள். தரகர் எங்கள் ஊர்க்காரர். நியாயம்தான் என்று ஜாதகத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

கடைசியில் தேரிக்காட்டைத் தாண்டி, கடலோரத்து ஊரிலிருந்து வேலாயுதம் என்று ஒரு பையன் வந்தான். இருபத்தொன்பது வயது. மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தான். வித்தியாசம் மூன்று. சங்கரிக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதையும் கேட்டுக்கொண்டோம்.

நிச்சயத்தன்று நான் மாப்பிள்ளையின் அப்பா பரமார்த்தலிங்கத்திடம் எங்கள் பந்தி முறையைச் சொன்னேன். சம்பந்தி நிதானமான மனிதர். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"எங்க ஊர்ல சோத்துக்கு ஒண்ணும் கெடையாது சம்பந்தி. அது பாட்டுக்கு விழும். ரசத்துக்குத்தான் கொஞ்சம் பாக்கணும்" என்றார்.

ரசத்துக்கு என்ன பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் ஆயிரம் வேலை. ரசத்தைப் பற்றி யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? மாப்பிள்ளையின் அம்மா சண்முகவடிவு உடனே, "ரசம் எங்க பொடியிலதான் வைக்கணும். நானே இடிச்சுக் கொண்டாந்திருதேன். அதுல மட்டும் கறாரா இருப்பேன்" என்றாள். சரி என்றேன். பொடியில் போய் முறுக்கிக்கொள்வார்களா?

பிறகு வயது கேட்டேன். பரமார்த்தலிங்கம் அறுபத்துமூன்று என்றார்.

"எனக்கு அம்பத்திநாலு" என்றாள் சண்முகவடிவு.

பரமார்த்தலிங்கம் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வாசல் நிலையில் நின்ற உலகம்மாள் விரலை மடக்கினாள். ஒன்பது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் சங்கரி பிறந்தபோது பார்த்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்காரப்போவதை அன்று மாலையே தெருவில் சொல்லிவிட்டாள். மறுவாரம் மதுரைக்குப் போய் மாம்பழக் கலரில் பட்டு எடுத்து வந்தாள். முகூர்த்தத்துக்கா என்று கேட்டதற்கு, "முகூர்த்தத்துக்கு ஏதாவது ஒண்ணைக் கட்டிக்கிடுவேன். இது பந்திக்கு" என்றாள். ராத்திரி படுக்கும்போது, "இந்தத் தடவை யாரு வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். பாத்துக்கோங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் வாய்விட்டுச் சொன்னேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரர் ஒருவர் தும்மினார். வேறு குறையில்லை.

முதல் பந்திக்கு மண்டபத்தின் மேஜைகளில் இலை போட்டார்கள். அந்த வரிசையை நான் நாள் கணக்கில் மனசுக்குள் போட்டுப் போட்டு அழித்து வைத்திருந்தேன். எங்கள் வழக்கப்படி கணவன் இடது பக்கம், மனைவி அவனுக்கு வலது பக்கம். முதலில் நான். எனக்கு வலப்பக்கம் உலகம்மாள். அடுத்து மாப்பிள்ளை வேலாயுதம், சங்கரி. அடுத்து சம்பந்தி பரமார்த்தலிங்கம், சண்முகவடிவு. கடைசியில் உலகம்மாளின் அண்ணன், சங்கரியின் தாய்மாமன் நல்லபெருமாள், அவர் மனைவி. எனக்கு இடப்பக்கம் மேஜையின் முனை. அங்கே தண்ணீர் ஜக்கும் அப்பளக் கூடையும் இருந்தன. ஒரு வித்தியாசம்கூட இன்னொன்றோடு இடிக்கவில்லை. ஆறு என்னிடம் இருந்தது. ஊரில் ஆறு உள்ள அத்தனை பேரையும் இரண்டாம் பந்திக்குத் தள்ளியிருந்தேன். என்னை முறைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாம்பழக் கலர் பட்டில் உலகம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கை என் முழங்கையில் பட்டது. அவள் நகர்த்தவில்லை. நானும் நகர்த்தவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குத்தாலம் தானே சோறு போட வந்தார். எங்கள் வீட்டு விசேஷம் என்பதால் அந்த மரியாதை. எனக்குப் போட்டார், விழுந்தது. உலகம்மாளுக்குப் போட்டார், விழுந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். மாப்பிள்ளைக்கு விழுந்தது, சங்கரிக்கு விழுந்தது, பரமார்த்தலிங்கத்துக்கு விழுந்தது.

சண்முகவடிவுக்கு விழவில்லை.

குத்தாலம் கரண்டியைச் சாய்த்தார். சோறு ஒட்டிக்கொண்டு நின்றது. கவிழ்த்தார். அப்படியே தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"சம்பந்தியம்மாவுக்கு வயசு?" என்றார் மெதுவாக.

"அம்பத்திநாலு" என்றாள் சண்முகவடிவு.

சோறு கரண்டியில் கொஞ்சம் மேலே ஏறியது.

"அம்பத்திநாலுன்னு சொல்லுதேன்லா!" என்று சத்தமாகச் சொன்னாள். சோறு கரண்டிக் காம்புக்கே வந்துவிட்டது. குத்தாலம் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கணக்கு ஓடியது. சம்பந்தி அறுபத்துமூன்று. வித்தியாசம் மூன்று என்றால் அந்த அம்மாளுக்கு அறுபது. மூன்றை மாப்பிள்ளையும் பெண்ணும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அறுபது இருக்காது, நடை அப்படி இல்லை. ஆறு என்றால் ஐம்பத்தேழு. நான் பரமார்த்தலிங்கத்தைப் பார்த்தேன். அவர் விசிறியைப் பார்த்தார். ஐம்பத்தேழுதான்.

இரண்டு ஆறு. ஒன்று போயாக வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மாவை, தாலி கட்டின ஈரம் காய்வதற்குள், "நீங்க பொய் சொல்லுதீங்க, எந்திரிங்க" என்று சொல்ல எந்தப் பெண்ணைப் பெற்றவனால் முடியும்? சம்பந்தி வீட்டார் அப்படியே வேனில் ஏறிவிடுவார்கள். மண்டபம் முழுக்க எங்கள் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"உலகு, நீ கொஞ்சம் எந்திரிச்சு அண்ணன் பொண்டாட்டி பக்கத்துல, கடைசிக்குப் போயேன்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு மண்டபத்திலும் நான் சொன்ன அதே வாக்கியம். பக்கத்து ஆள் மட்டும்தான் மாறும்.

"அப்பா!" என்றாள் சங்கரி. "அம்மாவை எழுப்பாதீங்க. நான் வேணா கடைசிக்குப் போறேன்."

"நீ போயி என்னம்மா ஆகப்போகுது? நீ ஆறு இல்லையே" என்றேன்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தான். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுவரை சிவந்திருந்தாள். பாவம், அவள் ஊரில் சோறு அது பாட்டுக்கு விழும். மூன்று வயதைக் குறைப்பது அங்கே பெரிய குற்றமில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது.

உலகம்மாள் எழுந்தாள். இலையை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். சோறு, பருப்பு, ஜாங்கிரி எதுவும் சிந்தவில்லை. காலால் பிளாஸ்டிக் நாற்காலியை நெட்டித் தள்ளிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனாள். நாற்காலி மண்டபத்துத் தரையில் கர்ரென்று இழுபட்டது. கடைசிக்குப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பந்தி விசாரிக்கிறவன் வேறென்ன நினைப்பான்?

கடைசி எனக்கு வலப்பக்கம். அவள் இடப்பக்கமாக வந்தாள். மேஜை முனையிலிருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துக் கீழே வைத்தாள். அப்பளக் கூடையை என் மடியில் வைத்தாள். அந்த இடத்தில் இலையைப் போட்டு, நாற்காலியை இழுத்து, எனக்கு இடப்பக்கத்தில் தொம்மென்று உட்கார்ந்தாள்.

"எந்திரிக்கச் சொன்னீங்க, எந்திரிச்சிட்டேன்" என்றாள். "இனிமே எனக்கு எங்க தோணுதோ அங்க உக்காருவேன். சோறு விழலேன்னா விழாமப் போகட்டும். சம்பந்தி மயினிக்கும் விழாது, எனக்கும் விழாது, எவளுக்கும் விழ வேண்டாம். மண்டபத்தைப் பூட்டுதவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"உலகு, ஊரு பாக்குது."

"அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

எனக்கு வலப்பக்கம் ஒரு காலி இடம். அதற்கப்பால் மாப்பிள்ளை தன் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான். இரண்டு ஆறும் வரிசையிலேயே இருந்தன. குத்தாலத்துக்குக் கை வலித்திருக்கும். கரண்டியைத் தாழ்த்தினார்.

சோறு சண்முகவடிவின் இலையில் விழுந்தது. காம்பிலிருந்து வழுக்கி, மொத்தமாக, கும்பமாக விழுந்தது.

குத்தாலம் நகர்ந்து நல்லபெருமாளுக்குப் போட்டார், அவர் மனைவிக்குப் போட்டார். எல்லாம் விழுந்தது. பிறகு திரும்பி வந்து, உலகம்மாளின் இலையில் மறுபடியும் ஒரு கரண்டி வைத்தார். அதுவும் விழுந்தது. வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் தங்களுக்குள் விரலை மடக்க ஆரம்பித்தார்கள்.

நானும் மடக்கினேன். அவள் எழுவதற்கு முன்னால், இலைக்கு இலை வலப்பக்கம் போனால், என் ஐம்பத்தெட்டிலிருந்து அவள் ஐம்பத்திரண்டுக்கு ஆறு இறக்கம். சம்பந்தியிடமிருந்து அவர் மனைவிக்கும் ஆறு இறக்கம். இப்போது அவள் ஐம்பத்திரண்டிலிருந்து என் ஐம்பத்தெட்டுக்கு ஆறு ஏற்றம். சோற்றுக்கு ஏற்றம் வேறு, இறக்கம் வேறு. எங்கள் ஊரில் எல்லாக் கணவனும் இடது பக்கம், எல்லா மனைவியும் வலது பக்கம் என்பதால் எல்லா ஆறும் இறக்கமாகவே இருந்திருக்கிறது. மற்றவர்களை வைக்கும்போதும் ஒருமுறை வந்த வித்தியாசத்தை ஏற்றமா இறக்கமா என்று பாராமல் நான் விரட்டிவிடுவேன். அந்தளவு கவனம் எனக்கு. என் கவனத்தால் ஒருவருக்கும் இது தெரியாமலே போயிற்று.

உலகம்மாள் பருப்பைப் பிசைந்து நாலைந்து வாய் சாப்பிட்டாள். அப்புறம் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா?"

நான் மடியிலிருந்த அப்பளக் கூடையைப் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் உக்காந்தா போதும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"பந்தி விசாரிக்கிறவரு" என்றாள்.

சாம்பார் வந்தது. அவ்வளவு கல்யாணம், அவ்வளவு காதுகுத்து. ஒவ்வொன்றிலும் அவளை எழுப்பி, ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு அத்தை பக்கத்தில் வைத்தேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது. அப்பளக் கூடை இன்னும் என் மடியில் இருந்தது. என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். "இதை முன்னாடியே வச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பாதியைப் பிய்த்து என் இலையில் திருப்பிப் போட்டாள்.

சண்முகவடிவு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மயினி, எனக்கு அம்பத்தேழு" என்றாள்.

"இருக்கட்டும் மயினி. பாத்தா தெரியல" என்றாள் உலகம்மாள். இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் தரம் சோறு வந்தது, குறையில்லாமல் விழுந்தது. அடுத்து ரசம் வந்தது. சண்முகவடிவு இடித்துக் கொண்டுவந்த பொடியில் வைத்த ரசம். மண்டபமே மணத்தது. குத்தாலம் உலகம்மாளிலிருந்து ஆரம்பித்தார். அவளுக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார், மாப்பிள்ளை, சங்கரி, சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லோருக்கும் ஊற்றினார். நல்லபெருமாளுக்கு ஊற்றும்போது ரசம் கரண்டியிலிருந்து இறங்கி, இலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது.

குத்தாலம் வெறும் கரண்டியோடு நின்றார். ரசம் அந்தரத்தில் லேசாக ஆடியது. ஒரு கொத்தமல்லி இலை அதற்குள் சுற்றி வந்தது.

"கூட்டிப் பாருங்க சம்பந்தி" என்றார் பரமார்த்தலிங்கம், சோற்றைப் பிசைந்துகொண்டே. "எங்க ரசம் கூட்டித்தான் பாக்கும். அன்னைக்கே சொன்னேன்லா."

கூட்டினேன். சண்முகவடிவு ஐம்பத்தேழு, நல்லபெருமாள் ஐம்பத்துமூன்று. நூற்றுப்பத்து. அடுத்து, எங்கே இடிக்கிறது என்று வரிசையில் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. உலகம்மாள் ஐம்பத்திரண்டு, நான் ஐம்பத்தெட்டு. ஏற்றமாகக் கூட்டினாலும் இறக்கமாகக் கூட்டினாலும் நூற்றுப்பத்துதான். இதற்கு இடப்பக்கம் வலப்பக்கம் எதுவும் உதவாது.

நான் உலகம்மாள் பக்கம் திரும்பினேன்.

"வாயைத் தொறந்தீங்க, ரசத்தை ஒங்க தலையில ஊத்திருவேன்" என்றாள். பிறகு வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏண்ணே, ரசம் இல்லேன்னா செத்தா போயிருவே?" என்றாள்.

நல்லபெருமாள் தன் நெஞ்சுக்கு நேரே நின்ற ரசத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ரசமே ஆகாதும்மா" என்றார். அந்த மனிதர் காய்ச்சல் வந்தால் ரசத்திலேயே குளிக்கிறவர். "அத்தான், எனக்கு மோர் போதும்னு சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன். குத்தாலம் பாயச வாளியோடும், அவர் ஆள் ஒருவர் மோரோடும் வந்தார்கள். நல்லபெருமாள் ரசத்தில் இடித்துக்கொள்ளாமல் கழுத்தைச் சாய்த்து மோர்ச்சோறு சாப்பிட்டார். அவர் மனைவி, முடி அதில் படாமல் இருக்கப் பின்னலை எடுத்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொருவராகச் சாப்பிட்டு முடித்தார்கள். இலையை மடிக்கவில்லை. எங்கள் ஊரில் பந்தியில் பெண்ணைப் பெற்றவள் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். வாசலில் இரண்டாம் பந்திக்காரர்கள் அத்தனை பேரும், ஆறு உள்ளவர்கள் முன்னாலும் மற்றவர்கள் பின்னாலுமாக, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவிமார் இப்போதே கணவன்மாரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் எழுந்துவிட்டால் வரிசையில் ஒரே ஒரு நூற்றுப்பத்துதான் மிஞ்சும், ரசம் இறங்கிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரசத்துக்கும் தெரிந்திருக்கும். அது நல்லபெருமாளின் இலைக்கு மேலே, ஆவி அடங்கி, உலகம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றது.

உலகம்மாள் மாம்பழக் கலர் முந்தானையை ஒருமுறை சரி செய்துகொண்டாள். முழங்கையை என் முழங்கை மேல் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொல்லுங்க" என்றாள்.

விடச் சொன்னேன்.